போவதற்கு முன் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்: ரோபோடிக்ஸ் அணிகளின் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

சீசன் முடிந்துவிட்டது. பம்பரைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்தாயிற்று, பிட்டில் (போட்டியில் அணி ரோபோவைப் பழுதுபார்க்கும் இடம்) கட்டியிருந்த பேனரைச் சுருட்டியாயிற்று, எல்லோரும் சேர்ந்து நின்று படமும் எடுத்தாயிற்று. இனி உங்களுக்குத் தேர்வு, அப்புறம் கல்லூரி. நான்கு வருடமாக வகுப்பு முடிந்ததும் நேரே ஓடிவந்து பையை வீசிவிட்டு உட்கார்ந்த அந்த அறைக்கு வர உங்களுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சில வருடங்களாக ஓர் அணிக்கு வழிகாட்டும் மென்டராக இருக்கிறேன். அதற்கு முன்னால் உங்களைப் போலவே பள்ளி அணியில் இருந்தவள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பெரிய ரோபோக்கள் ஓடும் ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டி, அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். நீங்கள் வெக்ஸ் ரோபோ போட்டி ஆடுகிறவர்களாக இருந்தாலும் சரி, உலக ரோபோ ஒலிம்பியாடுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, விஷயம் ஒன்றுதான். உங்கள் தலைக்குள் இருப்பதை அணியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ரோபோ அறையிலேயே இருக்கும், கருவிப்பெட்டி இருக்கும், கோப்பை அலமாரியில் இருக்கும். அந்த ரோபோ ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் உங்களோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒவ்வொரு வருடமும் இது நடப்பதைப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வருடம் எங்கள் அணி நாக் அவுட் சுற்று வரை போனது. ரோபோ அருமையாக ஓடியது. வயரிங்கும் கோடும் (ரோபோவை இயக்கும் புரோகிராம்) செய்த நான்கு பேரும் கடைசி ஆண்டு, நால்வரும் போய்விட்டார்கள். புதிய கல்வியாண்டின் முதல் வாரம், மீதி இருந்த பிள்ளைகள் ரோபோவை மூலையிலிருந்து இழுத்து வந்து, பேட்டரியைப் போட்டு, மெயின் பிரேக்கரை அமுக்கினார்கள். விளக்கெல்லாம் எரிந்தது. லேப்டாப்பும் இணைந்தது. ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் ரோபோ ஒரு முறை உதறிவிட்டு நின்றது. மறுபடி தொட்டால் மூன்று சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது, ஒரு சக்கரம் குறுக்கே நிற்கிறது. அடுத்த நிமிடம் பாதி மோட்டார் கன்ட்ரோலர்கள் இணைப்பிலேயே இல்லை என்று திரையில் வருகிறது, அப்புறம் தானாகவே திரும்பி வருகிறது.

"அக்கா, போன வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டார்கள். அணியின் பொதுக் கணக்கில் இருந்த கோடு போட்டிக்கு மூன்று வாரம் முந்தையது. அதற்குப் பிறகு போட்டி மைதானத்திலேயே மாற்றியதெல்லாம் ஒரு மாணவனின் சொந்த லேப்டாப்பில் இருந்தது, அதை அவன் கல்லூரிக்குப் போகும்போது துடைத்துப் புதிதாக்கிக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த லேப்டாப்பில் நான்கு எண்கள் இருந்தன.

ஸ்வெர்வ் ஓட்டுகிறவர்களுக்கு அந்த எண்கள் எவை என்று இப்போதே தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்வெர்வ் ரோபோவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும், எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்ல ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார் இருக்கும். அந்த சென்சாரின் காந்தத்தைப் பொருத்தும்போது அது எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அதனால் சக்கரம் நேராக இருக்கும்போது சென்சார் என்ன காட்டுகிறது என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பார்த்து, அந்த நான்கு எண்களையும் கோடில் எழுதி வைக்க வேண்டும். கடைசி நாள் இரவு ஒரு சக்கர மாட்யூல் உடைந்து வேறு ஒன்றை மாற்றினார்கள், புது எண்ணை எடுத்தார்கள், மறுநாள் காலை ரோபோ ஓடியது. அந்தப் புது எண் வேறு எங்கேயும் இல்லை. ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைச் சக்கரங்களோடு ஒட்டி வைத்து, நான்கையும் நேராக்கி, எண்களை மறுபடி எடுப்பது அரை மணி நேர வேலை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அரை மணி நேரம்.

சரி, அந்தக் குறுக்குச் சக்கரத்தை ஒரு வழியாகக் கண்டுபிடித்தார்கள். கன்ட்ரோலர்கள் வந்து வந்து போவது நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண், பெயரைச் சொல்லப்போவதில்லை, மூன்று மாலை அந்த ரோபோவின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய வயரை விரலாலேயே தொட்டுக்கொண்டு போனாள். கன்ட்ரோலர்களுக்குச் செய்தி கொண்டுபோகிற கேன் பஸ் என்பது அந்த இரண்டு வயர்தான். ரோபோவின் கணினியான ரோபோரியோவில் தொடங்கி ஒவ்வொரு கன்ட்ரோலராகத் தொட்டுக்கொண்டு போய் மறுமுனையில் முடியும், இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். பவரை அணைத்துவிட்டு மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட 60 ஓம் காட்ட வேண்டும், இரண்டு மின்தடையும் இணையாக இருப்பதால். நான் அதைச் சொல்லிக் கொடுத்தேன், அவள் வைத்துப் பார்த்தாள். மீட்டரில் 120. அதாவது ஒரு முனையில் மின்தடையே இல்லை.

எங்கே போனது? முந்தைய வருடம் வயரிங் செய்தவர்கள் பஸ்ஸை வழக்கமான இடத்தில் முடிக்காமல் பொருளை எறியும் பகுதியான ஷூட்டரின் கடைசி மோட்டாரில் முடித்திருந்தார்கள். அங்கே ஒரு சின்ன மின்தடையைச் செருகி, கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தார்கள். நல்ல வேலைதான், தப்பே இல்லை. போட்டி முடிந்து ரோபோவை ஏற்றி அனுப்பும்போது ஷூட்டரைத் தனியாகக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டார்கள். மின்தடையும் அதோடு பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து, டேப்பை நகத்தால் பிரித்து, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதான அந்தப் பொருளை உள்ளங்கையில் வைத்து அவள் என்னிடம் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் அதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்று பேர், இது நமக்கு வராது என்று முடிவு செய்து, வருவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த டேப்பின் மேல் "இங்கே மின்தடை" என்று மார்க்கரில் எழுதியிருந்தால் போதும். இரண்டு சொல்.

இதற்குள் உங்களில் சிலர் சொல்வீர்கள்: "சந்தேகம் இருந்தா எங்களைக் கூப்பிடலாமே அக்கா, நாங்க எங்கே போயிடப் போறோம்?" கூப்பிட்டால் நீங்கள் கட்டாயம் எடுப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மின்தடை எங்கே என்று கேட்க, மின்தடை என்று ஒன்று இருப்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு இருப்பது "ரோபோ ஓடவில்லை" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியோடு, கல்லூரியில் இருக்கும், தாங்கள் அண்ணாந்து பார்த்த ஒரு சீனியரைக் கூப்பிட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். கூப்பிடமாட்டார்கள்.

கணினியில் வரைந்த கேட் (CAD) வரைபடம் முழுசாக இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். வரைபடம் ஒரு தகட்டில் ஆறு துளை இருக்கிறது என்று சொல்லும். அதில் இரண்டு துளை ஏன் காலியாக இருக்கிறது, முதலில் அங்கே எதைப் பொருத்திப் பார்த்தீர்கள், அது ஏன் சரிவரவில்லை என்று சொல்லாது. எங்கள் அணி பாலிகார்பனேட் தகடு விஷயத்தில் இதை இரண்டு முறை படித்தது. போல்ட் கழன்று வராமல் இருக்க மரையில் ஒரு பசை போடுவோம் அல்லவா, அந்தப் பசை பாலிகார்பனேட்டில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். ஒரு வருடம் போட்டிக்கு முந்தைய மாலை, களத்திலிருந்து பொருளை உள்ளே இழுக்கும் இன்டேக்கின் பக்கத் தகடு இரண்டும் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடித்தது. அன்றைக்கு அணியில் இருந்த எல்லோருக்கும் அது ஆயுளுக்கும் மறக்காது. நான்கு வருடம் கழித்து, அன்றைக்கு இருந்த ஒருவர்கூட அணியில் இல்லாத ஒரு வருடத்தில், அதே மாதிரி தகடு, அதே பசை, அதே வெடிப்பு. எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் அந்த மாலை நான் அறையில் இல்லை. மென்டர் இருக்கிறாரே என்று என்னை நம்பாதீர்கள் என்றுதான் சொல்லவருகிறேன். எனக்கும் வேலை மாறலாம், ஊர் மாறலாம்.

இந்தப் போட்டி எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீன் கேமன் 1989-ல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார், 1992-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. 2019-ல் காலமான எம்ஐடி பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் தன் மாணவர்களுக்கு நடத்திய வடிவமைப்புப் போட்டியின் அனுபவத்தை இதற்குள் கொண்டுவந்தார். கடுமையாகப் போட்டி போடு, எதிரே இருப்பவரை மதித்து நட என்ற பண்பை இந்தப் போட்டியின் அடையாளமாகவே ஆக்கியவர் அவர்தான். அதை நீங்கள் நன்றாகவே கடைப்பிடிக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். அடுத்த மேட்சில் எதிரே நிற்கப்போகிற அணிக்கு பேட்டரி கடன் கொடுக்கிறீர்கள். பக்கத்து பிட்டில் ரேடியோ வேலை செய்யவில்லை என்றால் உங்கள் புரோகிராமர் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து பார்க்கிறான். அதே அன்பை உங்கள் அணியிலேயே அடுத்த வருடம் நிற்கப்போகிறவர்களுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவர்கள் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவர்கள், சிலர் இன்னும் சேரவே இல்லை, அதனால்தான் மறந்துபோகிறது.

சில அணிகள் இதைவிடப் பெரிதாகவே செய்கின்றன. 254-ம் எண் அணி தன் ரோபோவின் புரோகிராமை உலகத்துக்கே திறந்து வைக்கிறது. ரோபோநாட்ஸ் என்ற 118-ம் எண் அணி, வசதி குறைந்த அணிகளும் கட்டக்கூடிய எளிய ரோபோ ஒன்றை வடிவமைத்து, எப்படிக் கட்டுவது என்று முழுசாக வெளியிடுகிறது. முகம் தெரியாதவர்களுக்கே அவ்வளவு எழுத முடிகிறது.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஆறு வாரத்தில் ரோபோவைப் பையில் போட்டு சீல் வைத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது, 2020 சீசனிலிருந்து அது இல்லை. நல்லதுதான், அந்தப் பை யாரையும் தூங்கவிட்டதில்லை, வசதி இருந்த அணிகள் இரண்டாவது ரோபோ கட்டிப் பயிற்சி செய்தன, இல்லாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆனால் அன்றைக்கு எல்லோர் கையும் ஒரு நாள் நின்றது. இப்போது கடைசி மேட்ச் வரை ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், அதனால் எழுதுவதற்கென்று ஒரு நாள் தானாக வருவதில்லை. நீங்களாகத்தான் ஒதுக்க வேண்டும்.

வெக்ஸிலும் ஃபர்ஸ்டின் சின்ன ரோபோ போட்டியிலும் இருக்கிறவர்கள், நாங்கள்தான் நோட்டு எழுதுகிறோமே என்பீர்கள். எழுதுகிறீர்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அது நடுவர்களுக்காக எழுதப்படுகிறது, ஃபர்ஸ்டின் சின்ன ரோபோ போட்டியில் 15 பக்கம் என்று அளவுகூட இருக்கும், அதில் அழகான படமும் சுத்தமான வாக்கியமும் இடம் பிடித்துக்கொள்ளும். தோற்றதையும் எழுதுங்கள் என்றுதான் நடுவர்கள் சொல்கிறார்கள், எழுதும் கை அதைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் எழுதுகிறது. நான் கேட்பது அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ரோபோ ஓடாமல் நிற்கும்போது, ஒரு பிள்ளை புரட்டிப் பார்க்கிற பக்கம். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த கன்ட்ரோலருக்கு எந்த எண், எந்தக் கனெக்டர் அடிக்கடி கழன்றது, எந்த கியர்பாக்ஸைத் திறக்கும்போது எந்த ஸ்பேசர் கீழே விழுந்து தொலையும், எதை மூன்று முறை முயன்று கைவிட்டீர்கள்.

பேட்டரியைப் பற்றி எழுத மறக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 6 கிலோ கனம், எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது நல்லது, எது அரை உயிரில் இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "நாலாம் நம்பரை மேட்சுக்குப் போடாதே, பயிற்சிக்கு மட்டும்" என்று பிட்டில் நீங்கள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் போன பிறகு யாராவது ஒருவர் அந்த நாலாம் நம்பரைப் போடுவார். நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து, ரோபோரியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களை நிறுத்தும், ரோபோ நடுக்களத்தில் விக்கி விக்கி நிற்கும், அதைப் பார்த்துவிட்டு ஒரு புதுப் புரோகிராமர் தன் கோடில்தான் தப்பு என்று இரவு முழுக்கத் தேடுவான். ஒவ்வொரு பேட்டரியின் மேலும் வாங்கிய மாதத்தையும் அதன் குணத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

"யாரும் படிக்க மாட்டாங்க" என்ற பேச்சும் கேட்டிருக்கிறேன். நாற்பது பக்கம் எழுதி டிரைவில் போட்டால் படிக்க மாட்டார்கள்தான். பொருளின் மேலேயே ஒட்டியிருப்பதைப் படிப்பார்கள். வயரின் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டுங்கள், எலக்ட்ரானிக்ஸ் பலகையின் பின்பக்கம் மார்க்கரில் எழுதுங்கள், கியர்பாக்ஸைப் பிரிப்பதை போனில் இரண்டு நிமிடம் படம் பிடித்து, பேசிக்கொண்டே பிரியுங்கள். கடவுச்சொற்களை மென்டரிடமும் ஆசிரியரிடமும் கொடுங்கள். புரோகிராமை இன்றைக்கே அணியின் கணக்கில் ஏற்றிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

எழுத்தைவிடக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. ஒரு ஜூனியர் கிரிம்ப் செய்துகொண்டிருப்பான், அதாவது வயரின் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்திக்கொண்டிருப்பான். வயரின் தோலை அதிகமாக உரித்திருப்பான், டெர்மினலைத் தலைகீழாகப் பிடித்திருப்பான், நீங்கள் இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு இருபது நிமிடம் எடுப்பான். உங்கள் கை துறுதுறுக்கும். "கொடு, நான் பண்றேன்" என்பீர்கள். எங்கள் அறையில் அதிகம் கேட்கிற வாக்கியம் அதுதான், அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான். அவன் கொடுத்துவிடுவான், தள்ளி நின்று பார்ப்பான், அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். மறுபடி அந்த மேசைக்கு வர அவனுக்கு ஒரு வருடம் ஆகும். அவனே செய்யட்டும். செய்து முடித்ததும் வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு வந்துவிட்டால் இன்னொன்று செய்வான், டெர்மினல் ஒன்றுதானே போகும். மேட்சுக்கு நடுவில் அவசரம் என்றால் நீங்கள் செய்யுங்கள், யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. இப்போது சீசன் முடிந்துவிட்டது, அவசரம் ஒன்றும் இல்லை.

டிரைவர்களுக்கும் இதே வேண்டுகோள். ஏறத்தாழ இரண்டரை நிமிட மேட்ச், முதல் சில நொடிகள் ரோபோ தானாக ஓடும், மீதியெல்லாம் உங்கள் கை. நூறு மணி நேரம் ஓட்டி ஓட்டி வந்த கை அது, விட மனம் வராது என்பது புரிகிறது. சீசன் முடிந்து நடக்கும் நட்புப் போட்டிகளிலாவது நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுங்கள், பக்கத்தில் நின்று களத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தோற்றால் தோற்கட்டும், அந்தத் தோல்வி எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். "அவ இல்லேன்னா அந்த ரோபோ ஓடாது" என்று யாராவது சொன்னால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். எனக்கு வந்திருக்கிறது. பள்ளியில் கடைசி வருடம் எங்கள் அணியில், காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேடிக்ஸ் முழுக்க என் கையில்தான் இருந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், யாராவது கேட்டால் நானே எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன், அப்படி எழுந்து போவது எனக்குப் பிடித்திருந்தது. நான் போன அடுத்த வருடம் அந்த அணி நியூமேடிக்ஸையே விட்டுவிட்டது, தெரிந்தவர் யாரும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. அதைக் கேள்விப்பட்டபோது பெருமையாக இல்லை. நான்கு வருடம் அந்த அணி எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தது, ஒரு சோலனாய்டு வால்வைக் கையில் கொடுத்து "பிரிச்சுப் பாரு, உடைஞ்சா பரவாயில்லை" என்று சொன்ன ஒரு சீனியர் எனக்குக் கிடைத்திருந்தார். நான் யாருக்கும் அப்படிச் சொல்லவில்லை.

அந்த மின்தடையைக் கண்டுபிடித்த பெண் இப்போது கடைசி ஆண்டு. இந்த மடல் அவளுக்கும்தான், ஆனால் அவள் என்னை முந்திவிட்டாள். போன வாரம் ஒரு தடிமனான நோட்டோடு வந்தாள். முதல் பக்கத்தில் கேன் பஸ் படம், ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் எண், இரண்டு முனையிலும் சிவப்பு வட்டம் போட்டு 120, பக்கத்தில் "பவரை அணைத்துவிட்டு அளந்தால் 60 வரவேண்டும், வராவிட்டால் பயப்படாதே" என்று எழுதியிருந்தாள். இதை எங்கே வைப்பது என்று கேட்டாள். அலமாரியில் வைக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேட்டரி வண்டியின் கைப்பிடியில் ஒரு கயிறு போட்டுக் கட்டினாள், ரோபோவைத் தொடுகிற எவரும் முதலில் அங்கேதானே போக வேண்டும் என்று.

அன்புடன்,
உங்கள் அறைகளைப் போன்ற ஓர் அறையிலிருந்து ஒரு மென்டர்